ஹேண்ட் பிரேக் நிற்காத பழைய கார்: கேபிளை முறுக்குவது கடைசி வேலை

கேள்வி இதுதான். 1960-களில் வந்த கார், பின்சக்கரம் இரண்டிலும் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் லீவர் 11 பல் (கிளிக்) வரை மேலே வருகிறது, அப்படியும் சரிவில் வண்டி மெல்ல உருள்கிறது. புதுக் கேபிள் போட்டாயிற்று. ஒரு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி அதே தொல்லை. ஒவ்வொரு தடவையும் கேபிள் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கிச் சமாளித்திருக்கிறார். இப்போது வலது பின் டிரம் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, இடது பக்கமோ சூடே ஏறவில்லை. அடுத்து எதை மாற்றுவது என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முறுக்கி வைத்திருக்கும் அந்த நட்டை முழுவதுமாகத் தளர்த்துங்கள். வலது டிரம் ஆறும்வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம். பழைய கார்களில் நான் கை வைத்த ஹேண்ட் பிரேக் கோளாறுகளில் பெரும்பாலானவை டிரம்முக்குள் இருந்தவை. யாரோ கேபிளை முறுக்கி முறுக்கி அதைக் கொஞ்ச நாள் மறைத்திருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் காரிலும் அதுவே நடந்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, இழுவை போகும் வழியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். லீவரை இழுத்தால் முன்கேபிள் இழுபடும். காருக்கு அடியில் அது ஈக்வலைசர் என்ற, இரண்டு பக்கமும் சாய்ந்து கொடுக்கிற ஒரு சின்னத் துண்டில் முடியும். அங்கிருந்து இரண்டு கேபிள்கள் இரண்டு சக்கரத்துக்கும் பிரியும். டிரம்முக்குள் கேபிளின் நுனி ஒரு குட்டி லீவரை இழுக்கும். அந்த லீவர் பெரும்பாலும் பின்பக்க ஷூவில் (டிரம்மின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் பிறை வடிவத் துண்டு) பின் (pin) போட்டு மாட்டப்பட்டிருக்கும். அது நடுவில் உள்ள பட்டைக் கம்பியைத் தள்ளி முன் ஷூவை டிரம்மில் அழுத்தும், அதன் எதிர்விசையில் பின் ஷூவும் போய் ஒட்டும். எண்ணெய் அழுத்தம் எதுவும் இதில் கிடையாது. உங்கள் கை பலம் மட்டும்தான், நெம்புகோலால் பெருக்கப்பட்டு அங்கே போகிறது.

இந்தப் பெருக்கல்தான் முக்கியம். உதாரணத்துக்குக் கைலீவர் 6 மடங்கு, டிரம்முக்குள் இருக்கும் லீவர் 4 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 மடங்கு. விசை 24 மடங்கு கூடுகிறது என்றால், தூரம் அதே 24 மடங்கு செலவாகிறது. டிரம்முக்குள் வெறும் 1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால், உங்கள் கை 24 மில்லிமீட்டர் வீணாக மேலே வர வேண்டும். லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) தேய்ந்து, அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) யாரும் தொடாமல் விட்டிருந்தால் 11 பல் வருவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, அந்தத் தளர்வைக் கேபிளை முறுக்கி எடுத்துவிட்டால் என்ன? இரண்டு கெடுதல் வரும். முதலாவது, டிரம்முக்குள் உள்ள லீவர் ஓய்வில் இருக்கும்போது ஷூவின் மேல் முழுவதுமாகப் பின்வாங்கி உட்கார வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் அது பாதி வழியிலேயே தொங்கும். ஷூ தன் இடத்துக்குத் திரும்பாது, தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கும் கார்களில் அதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. சக்கரம் உரசிக்கொண்டே ஓடும். உங்கள் வலது டிரம் சுடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது, கேபிளும் லீவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும்போதுதான் இழுப்பு முழுசாக வேலை செய்யும். ஷூ தளர்வாக இருந்தால் லீவர் அந்தக் கோணத்தைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் விசை ஷூவுக்குப் போகாது. லீவர் கல் மாதிரி இறுகியிருக்கும், வண்டி உருளும்.

ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் சூடே இல்லை என்பது எனக்கு இன்னொன்றையும் சொல்கிறது: உங்கள் ஈக்வலைசர் துரு ஏறி அசையாமல் நிற்கலாம். அது சுழன்று கொடுத்தால் ஒரு பக்கம் தளர்வு அதிகமாக இருந்தாலும் இழுவை இரண்டுக்கும் சமமாகப் போகும். அது நின்றுவிட்டால், தளர்வு குறைவான பக்கம் மொத்த இழுப்பையும் வாங்கிக்கொள்ளும். இடது பக்கம் சும்மா இருக்கும்.

இதை உறுதி செய்யலாம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இந்த வேலையில் ஹேண்ட் பிரேக்கை நம்பி எதுவும் செய்ய முடியாது என்பதால் கட்டை கண்டிப்பாக வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். கியர் நியூட்ரலில், லீவர் முழுக்கக் கீழே. இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். வலது சக்கரம் உரசினால், கேபிள் நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டதா, கேபிள் விறைப்புதான் காரணம். இன்னும் உரசினால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (பிரேக் திரவத்தை வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் திறங்கள். திறந்ததும் சக்கரம் விட்டால் ஹேண்ட் பிரேக்கில் தப்பில்லை, திரவ அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொண்டால் அப்படி ஆகும். ஆனால் பின்பக்கத்துக்கு ஒரே ஹோஸ் உள்ள கார்களில் அது இரண்டு சக்கரத்தையும் பிடித்துவைக்கும். இரண்டு வழியிலும் விடவில்லை என்றால் டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து லீவரை ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்துக் கேபிளைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதிக் கோளாறைக் கண்ணில் காட்டிவிடும். ஈக்வலைசர் சாய்கிறதா, கேபிளின் உறை எங்காவது நெளிந்து நிமிர்கிறதா, உறையைப் பிடித்திருக்கும் கிளிப் வளைகிறதா என்று பாருங்கள். லீவர் மாட்டியிருக்கும் தரைத்தகடே மேலே தூக்குகிறதா என்றும் பாருங்கள். பழைய காரில் தரை துருப்பிடித்து மெலிந்து, இழுக்கும்போது தகடு மூச்சு விடுவதுபோல எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வெல்டிங்தான் மருந்து. தகடு பிய்ந்தால் ஹேண்ட் பிரேக்கே இல்லாமல் போய்விடும், அதனால் அதை முதலில் முடியுங்கள்.

இழுக்கும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வும் நிறையச் சொல்லும். லேசாக, தடையில்லாமல் மேலே வந்தால் ஷூ தளர்வு. ரப்பர் மாதிரி இழுபட்டால் கேபிள் உறை, கிளிப், தரை இவற்றில் ஒன்று வளைந்து கொடுக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இறுக்கமாக இருந்து, விட்டதும் கீழே விழாமல் நின்றால் கேபிள் உறைக்குள் துரு. சரியான பல்லில் நன்றாக இறுகியும் வண்டி உருண்டால் லைனிங்கில் எண்ணெய், அல்லது லைனிங் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கிறது. பல்லை விட்டு லீவர் நழுவினால் ரேட்செட்டோ (லீவரைப் பல் பல்லாகப் பிடித்து நிறுத்தும் துண்டு) அதன் கொக்கியோ தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எங்கும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

டிரம்மைக் கழற்றுமுன் ஒரு எச்சரிக்கை. இந்த வயதுக் காரின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதவே கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியை நனைந்தபடியே பையில் கட்டிப் போடுங்கள். நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். நுரையீரலுக்குள் போன ஆஸ்பெஸ்டாஸ் இழை திரும்பி வராது.

டிரம் வராமல் அடம்பிடித்தால் முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம்மின் உள்விளிம்பில் தேய்மானத்தால் ஒரு மேடு உருவாகி ஷூ அதில் மாட்டியிருக்கும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டுகளுக்கு நடுவே முகப்பில், மரச் சுத்தியால் தட்டுங்கள். சில கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒன்றாகவே இருக்கும். வோக்ஸ்வாகன் பீட்டில் அப்படித்தான்: 36 மி.மீ. நட்டு, ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் அல்லது அதற்கும் மேல் இறுக்கியிருப்பார்கள். அந்த நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டின் மேல் நிற்கிற காரில் நீளமான குழாய் போட்டு ஏறி மிதிப்பது உயிருக்கு ஆபத்து.

உள்ளே முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் எண்ணெய் வாசனை வந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது. வீல் சிலிண்டரின் (கால் பிரேக் மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் துண்டு) ரப்பர் தொப்பியைத் தூக்கினால் திரவம் வழிகிறதா, சிலிண்டர் போயிற்று. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவது, நெருப்பில் காட்டுவது எல்லாம் பயன் தராது. வெளியே உலர்ந்த மாதிரி இருக்கும், சூடு ஏறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். ஷூவை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று உதவும். என் காரில் இடது பின் ஷூ இரண்டு முறை எண்ணெயில் ஊறியது. இரண்டு முறையும் சீலும் ஷூவும் புதிதாகப் போட்டேன். மூன்றாம் முறைதான் ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் சின்ன மூச்சுத் துவாரத்தைப் பார்த்தேன். சேறு ஏறிக் கல்லாகக் காய்ந்திருந்தது. ஓடும்போது ஆக்சிலுக்குள் காற்று சூடாகி விரிகிறது. வெளியே போக வழி இல்லாவிட்டால், அது எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கசியவே இல்லை. சீல் மாற்றும் எல்லோரிடமும் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். கிரவுனில் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் கூடு) எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரம் இல்லை என்றால் அசைவைப் பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் லீவரை ஷூவில் மாட்டும் அந்தப் பின் (pin) துருவேறி ஒட்டியிருக்கும். கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, பிரேக்குக்கான உயர் வெப்ப கிரீஸ் ஒரு துளி மட்டும் போட்டு மாட்டுங்கள். பேக் பிளேட்டில் (ஷூக்கள் மாட்டியிருக்கும் பின்தகடு) ஷூ உரசும் மேடுகளுக்கும் அதே கிரீஸ், மெல்லியதாக. அந்த மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டித் திரும்பாது. அரத்தால் சமன் செய்தால் போதும்.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றில் பின் வீல் சிலிண்டருக்கு ஒரே பிஸ்டன்தான். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும், சிலிண்டரே பேக் பிளேட்டின் துவாரத்தில் வழுக்கிப் போய் மற்ற ஷூவைத் தள்ளும். துருவால் அது வழுக்காமல் நின்றுவிட்டால் ஒரே ஒரு ஷூதான் வேலை செய்யும். கால் பிரேக்கில் இது அவ்வளவாகத் தெரியாது, முன்சக்கரம் சமாளித்துவிடும். ஹேண்ட் பிரேக்கில் பிடிப்பு பாதியாகிவிடும். சிலிண்டரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், நகர வேண்டும்.

யாராவது முன்பே பிரித்து மாட்டியிருந்தால் ஷூக்கள் இடம் மாறியிருக்கவும் கூடும். ஒரு ஷூ மற்றதை அழுத்தும் டியோ-சர்வோ வகையில் குட்டை லைனிங் முன்பக்கமும் நீள லைனிங் பின்பக்கமும் வர வேண்டும். நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர்களின் மரை இடது வலதுக்கு எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும். அதனால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைப் பிரியுங்கள். மறந்தால் பார்க்க மறுபக்கம் அப்படியே இருக்கும்.

டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் பொறித்திருந்தால் அளந்து பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் புது ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் தொடும். எவ்வளவு தொடுகிறது என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. டிரம்முக்குள் சாக்பீஸ் தடவி, மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்துச் சுற்றிக் கழற்றினால் ஷூவில் வெள்ளை ஒட்டிய இடம் எல்லாம் தொடும் இடம்.

டிரம்முக்கு வெளியே வேலை சுலபம். ஈக்வலைசரைக் கழற்றித் தேய்த்துக் கிரீஸ் போடுங்கள், கையால் தொட்டாலே சுழல வேண்டும். கேபிளை இணைக்கும் கிளெவிஸ் பின்களையும் துளைகளையும் பாருங்கள். நான்கு ஐந்து இணைப்பில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் கூட்டிப் பார்க்க, லீவரில் இரண்டு மூன்று பல் அங்கேயே போய்விடும். மினி வைத்திருப்பவர்கள் பின் சஸ்பென்ஷன் கையில் கேபிள் திரும்பும் விசிறி வடிவத் துண்டைப் பாருங்கள். அது துருவால் நின்றுவிடுவது அந்தக் காரின் பிறவிக் குணம், கேபிள் அதன் மேலேயே உரசி உரசி அறுந்துபோகும். கேபிளில் ஒரு பிரி அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெறும் துரு என்றால் கழற்றித் தொங்கவிட்டு, மேல் நுனியில் மெல்லிய எண்ணெயை ஓர் இரவு முழுக்க இறங்க விட்டால் பல கேபிள்கள் பிழைத்துக்கொள்ளும். உள்ளே நைலான் பூச்சு உள்ள புது வகைக் கேபிளுக்கு எண்ணெயும் கிரீஸும் தேவையில்லை.

இப்போது செட்டிங். கேபிள் முழுத் தளர்வில் இருக்கட்டும். டிரம் லீவர் ஓய்வில் சரியாகப் பின்வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரம்மைப் போடுங்கள். அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்குங்கள். கால் பிரேக்கை மூன்று நான்கு தடவை அழுத்தி மிதியுங்கள், ஷூ நடுவில் வந்து உட்காரும். மறுபடி இறுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் போகும். அப்புறம் சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை மட்டும், ஒன்றிரண்டு கிளிக், பின்வாங்குங்கள். சதுரத் தலை அட்ஜஸ்டரை அதற்கென்று உள்ள சதுர ஸ்பேனரால்தான் தொட வேண்டும். சாதாரண ஸ்பேனர் தலையை உருட்டிவிடும். இரண்டு பக்கமும் முடித்துவிட்டு லீவரை இழுத்துப் பாருங்கள். 11 பல் வந்த லீவர் கேபிளைத் தொடாமலேயே 6, 7-க்கு இறங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். மீதித் தளர்வை மட்டும் கேபிள் நட்டில் எடுங்கள். பெரும்பாலான கார்களில் 3 முதல் 5 பல்லில் சக்கரம் பூட்ட வேண்டும். உங்கள் காரின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. லீவர் முழுக்கக் கீழே இருக்கும்போது இரண்டு சக்கரமும் துளியும் உரசாமல் சுற்ற வேண்டும். உரசினால் நட்டைப் பின்வாங்குங்கள், ஒரு பல் கூடினாலும் பரவாயில்லை.

வேறு அமைப்பு உள்ளவர்களுக்கும் சில வார்த்தைகள். எம்ஜிஏ, ஜாகுவார் எக்ஸ்கே120 போன்றவற்றில் லீவர் பொத்தான் தலைகீழாக வேலை செய்யும்: அழுத்தினால் பூட்டும், லேசாக இழுத்துவிட்டால் தானே விடுபடும். ரேட்செட் உடைந்துவிட்டது என்று பலர் இதைப் பிரித்துவிடுகிறார்கள். 1965 முதல் வந்த கார்வெட்டில் பின்டிஸ்கின் நடுக்குழிக்குள் குட்டி ஷூக்கள் இருக்கும். அவை ஓடும்போது தேய்வதில்லை, துருப்பிடித்தே கெடுகின்றன. பழைய சீரீஸ் லேண்ட் ரோவரில் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் கியர் பெட்டி) பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் தண்டில் இருக்கிறது. அதில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அது எதிர்த்திசையில் சுழன்று, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருண்டுவிடும். கட்டை இல்லாமல் ஜாக்கி போடவே கூடாது.

புது ஷூ போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டர் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், லைனிங் டிரம்மின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்த வேண்டும். அந்தச் சமயத்தில் கேபிளை முறுக்கினால் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். பொருந்திய பிறகு ஷூவை ஒரு தடவை மறுபடி செட் செய்யுங்கள், புதுக் கேபிளும் அதற்குள் நீளும் அளவுக்கு நீண்டிருக்கும். சரிவில் சோதிக்கும்போது முகம் மேலே பார்த்து ஒரு முறை, கீழே பார்த்து ஒரு முறை நிறுத்துங்கள். திசை மாறினால் எந்த ஷூ அதிகம் கவ்வுகிறது என்பதும் மாறும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் உருண்டால், ஏதோ ஒரு ஷூ இன்னும் சரியாகத் தொடவில்லை. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுக் கியரிலும் கட்டையிலும் நிறுத்துங்கள். இழுத்தபடியே விட்டால் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.